டப்பாவில் இருந்த அட்டை

கண் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே வந்துபோனவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சலூன் வைத்திருந்தவர். எங்கள் அறையில் அவருக்கு ‘முதல் திங்கள்’ என்று பெயர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, மனைவியின் தோளில் கை வைத்தபடி வாசலில் நிற்பார். சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் அவரைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு கண் அவருக்குச் சிறு வயதிலேயே போய்விட்டது. நாற்பத்தாறாம் வயதில் மறு கண்ணில் புண் வந்து, ஆறி, கருவிழி மேல் வெள்ளையாகத் தழும்பு கட்டிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இறந்தவர் யாராவது தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும் என்றார் டாக்டர். அதற்கு வரிசை உண்டு. வரிசைக்குப் பொறுப்பு நான். ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஓர் எண். அவருடையது 214.

“சார், நம்ம வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குது?” என்று கேட்டபடியேதான் உட்காருவார்.

“வரிசையில இருக்கீங்க. வரும்.”

“வரும்னு எனக்கும் தெரியும். சொன்னவரு உங்களவிடப் பெரிய ஆபீசரு.”

எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என டாக்டர் கையை விரித்த அன்று மருத்துவமனைத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து கடவுளிடம் அழுதாராம். அப்போது ஒரே ஒரு வாக்கு கிடைத்ததாம். “சத்தமாவெல்லாம் பேசல சார். ‘மறுபடி பார்ப்ப’ன்னாரு. எப்பன்னு நான் கேக்கறதுக்குள்ள போயிட்டாரு.”

“அங்க இவரு வாயத் திறக்கலை” என்றார் மனைவி. “டீயில சர்க்கரை ஏன் குறைச்சல்னு மட்டும் நாளுக்கு மூணு தடவ கேக்கத் தெரியுது.”

வாக்கு கிடைத்ததென்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கடையை மச்சானிடம் கொடுத்தாலும், காலையில் கண்ணாடியைத் துடைப்பது அவர்தான். எதிரே இருப்பது தன் முகமா என்பதே தெரியாமல் மூலை வரை துடைப்பார். அழைப்பு வந்ததும் கிளம்ப இரண்டு சட்டை, துண்டு, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு பையில் கடைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். தூசி படியுமே என்று மாதம் ஒருமுறை அந்தச் சட்டைகளைத் துவைத்து, மடித்து, திரும்பவும் வைப்பார்கள். சட்டைப்பையில் கத்தரியும் சீப்பும் எப்போதும் இருக்கும். என் முன்னால் உட்கார்ந்தபடியே சீப்பைப் பிடித்துக் காற்றை வெட்டுவார். டிக், டிக், டிக். நாளுக்கு ஐந்நூறு என்று கணக்கு வைத்திருந்தார்.

“கை மறந்துடுச்சுன்னா, கண்ணு வந்து என்ன சார் பண்றது?”

கணக்கு வைத்துக்கொள்ளும் மனிதர்களை எனக்குப் பிடிக்கும். அட்டை அலமாரி உள்ளறையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் சாவி எடுத்து, திறந்து, தேடி, பூட்ட வேண்டும். மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இவர் மாதம் தவறாமல் வருகிறாரே, காக்க வைக்கக் கூடாதே என்று நான்காவது மாதம் அவர் அட்டையை எடுத்து, என் மேஜை மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டேன். வந்ததும் டப்பாவைத் திறந்து தேதி போடுவேன். என் ஒழுங்கை நானே மெச்சிக்கொண்ட ஏற்பாடு அது.

ஆறு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம். பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஒரு பெண் வந்திருந்தாள். ஜூன் மூன்றாம் தேதி, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டாள்.

“சார், டப்பால இருக்கற இந்த அட்டை யாரோடது? லிஸ்ட்ல 213 இருக்கு, 215 இருக்கு. 214 இல்லையே.”

“இருக்கும்மா. நல்லா பாரு.”

“நாலு தடவ பார்த்துட்டேன் சார்.”

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனேன். ஜனவரிதோறும் அலமாரியில் உள்ள அட்டைகளை வரிசையாகப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி மாடிக்கு அனுப்புவேன். கருவிழி வந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மாடியிலிருந்து ஆளை அழைப்பார்கள். அலமாரியில் உள்ள அட்டைகள். அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றது. 214 அலமாரியில் இல்லை. ஆறு ஜனவரிகளாக இல்லை. நாற்காலியைப் பிடித்தேன், அது நகர்ந்தது. விழ இருந்தேன்.

பட்டியல்களை எடுத்துப் பார்த்தோம். 215 ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு இரண்டாவது வருடம் அக்டோபரிலேயே அறுவை முடிந்துவிட்டது. 214-க்குப் பின்னால் பதிந்தவர்களில் பார்வை பெற்றவர்கள் முப்பத்தெட்டு பேர். டப்பாவில் இருந்த அட்டையில் என் கையெழுத்தில் எழுபத்தொரு தேதிகள். எழுபத்தொரு முறை அந்த மனிதரின் முகத்துக்கு நேராக, ‘வரிசையில இருக்கீங்க’ என்று சொல்லியிருக்கிறேன்.

கண்காணிப்பாளர் அறைக் கதவைச் சாத்தினார். “இந்த வருஷம் மேல ஏத்திடலாம். அவருக்குத் தெரியவா போகுது? ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு சார்?”

நடந்ததை எழுத்தில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பதினொரு மணிக்கு சலூனுக்குப் போனேன். மச்சான் வெளியே போயிருந்தார். ‘முதல் திங்கள்’ சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு, சாரா? செருப்பு சத்தம் அப்படித்தான் இருக்கு. இன்னிக்குத் திங்கள் இல்லையே!” எழுந்தேவிட்டார். “வந்துடுச்சா? ஏய், பையை எடு!”

டப்பாவையும், 215-க்கு அறுவை ஆன மாதத்தையும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கத்தரிச் சத்தம் நின்றது.

“நாலு வருஷமா?” பையை எடுக்கப் போன மனைவி திரும்பினார். “நாலு வருஷம் எட்டு மாசமாவா? மாசாமாசம் ஒரு மனுஷன் உங்க முன்னாடி வந்து உக்காந்தாரே. உங்களுக்குக் கண்ணு இருந்துச்சே சார்!”

அவர் கையை உயர்த்தி மனைவியை நிறுத்தினார். “அட்டை ஏன் சார் டப்பாவுக்குப் போச்சு?”

“நீங்க தவறாம வர்றீங்கன்னு.”

“அப்ப நான் வராம வீட்டுலயே கிடந்திருந்தா?”

“அலமாரியிலயே இருந்திருக்கும்.”

“கண்ணு கிடைச்சிருக்கும்.”

“கிடைச்சிருக்கும்.”

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது. மனைவி கதவுக்குப் பின்னாலிருந்த பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தார். மடித்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் விழுந்தன. கணவர் கத்தரியைத் துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டு மூடினார். நான் வெளியே வந்தேன்.

மேலே கூடிப் பேசி 214-ஐப் பட்டியலின் தலையில் வைத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நானே அதற்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன். ஜூலை முதல் திங்கள் பத்தேகாலுக்கு வாசல் காலியாக இருந்தது. ஆகஸ்டிலும் அவர் வரவில்லை. பத்து மணியிலிருந்தே என் கண் வாசலில்தான் இருக்கும். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. அவரோ ஆறு வருடம் செய்திருந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே.

செப்டம்பரில் வந்தார். பத்தேகால். மனைவியின் தோளில் கை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“கோவம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. போகல” என்றார் உட்கார்ந்தபடி. “வாக்குக் கொடுத்தவர்கிட்டயும் சண்டை போட்டேன். ‘உன் பேச்சை நம்பி நடந்ததுக்கு இதுவா?’ன்னு கேட்டேன். பதிலே இல்ல. ஆனா சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கவும் இல்ல சார். அவரு வாங்கற வரைக்கும் நான் எப்படி நிறுத்தறது? அட்டை எங்க இருக்கு?”

“அலமாரியில.”

“எடுக்காதீங்க. தேதிய வேற தாள்ல எழுதிக்கங்க.”

பிறகு சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். டிக், டிக், டிக்.

அக்டோபர் பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, கருவிழி வந்திருக்கிறது என்று மாடியிலிருந்து சொன்னார்கள். போனில் அவர் கடை எண்ணை நானே சுழற்றினேன். மனைவிதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பை...” என்றேன்.

“கொட்டினதும் நான்தான், மறுபடி அடுக்கினதும் நான்தான். வர்றோம்.”

நாற்பது நிமிடத்தில் வந்தார்கள்.

பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை. பனிமூட்டம் விலகுவதுபோல மாதக்கணக்கில் வந்தது. கத்தியைத் தொடலாம் என்று டாக்டர் அனுமதித்தது அடுத்த வருடம் மே மாதம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். முதல் ஆள் நான்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கடை வாசலில் நின்ற என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “அட, நீங்க இவ்வளவு கெழவரா? குரல் நாப்பதுன்னுச்சே!”

நாற்காலியில் உட்கார்ந்தேன். சோப்பு நுரை பூசினார். கத்தியைப் பட்டையில் தீட்டும் சத்தம் கேட்டது. தாடையைப் பிடித்து என் தலையைப் பின்னால் சாய்த்தார். கத்தி தொண்டையில் பட்டதும் நின்றது.

“பயமா இருக்கா சார்?”

“ஆமா.”

“எனக்கும்தான். இத்தனை வருஷம் காத்தத்தான் வெட்டுனேன். காத்துக்கு ரத்தம் வராது.” மூச்சை இழுத்துவிட்டார். “கண்ணத் திறங்க. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

கண்ணைத் திறந்தேன். மேலே அந்த ஒற்றைக் கண், தையல் கோடுகளோடு, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தி நகர்ந்தது. மனைவி துண்டோடு பக்கத்திலேயே நின்றார், ரத்தம் வந்தால் ஒற்ற. துண்டுக்கு வேலை வரவில்லை.