பக்கத்து வீட்டுச் சுவர்

வக்கீலம்மாவுக்கு எதிர்த்தரப்பு வக்கீலைவிடத் தன் கட்சிக்காரர்கள் மீதுதான் சந்தேகம் அதிகம். லாரி மோதிக் கை கால் போனவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது தொழில். விசாரணைக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் கட்சிக்காரர் வீட்டில் போய் நிற்பது பழக்கம். "நான் கண்டுபிடிக்கலன்னா லாரி கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிடுவான்" என்பார். "கல்யாணத்தன்னைக்கே என்னைக் குறுக்கு விசாரணை பண்ணினவ இவ" என்று அவர் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று கொத்தனார் வீடு. லாரி இடித்து அவருடைய வலது தோள் நொறுங்கியிருந்தது. கொத்துக்கரண்டி பிடிக்கவே முடியாது என்பதுதான் வழக்கு. மறுநாள் சாட்சி சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் பாதிவரை புதுப் பூச்சு, ஈரம்கூடக் காயவில்லை.

"யாருங்க பூசினது?" என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நம்ம கொத்தனார்தான். கை பழையபடி ஆயிடுச்சாமே!"

வக்கீலம்மா விறுவிறுவென்று கொத்தனார் வீட்டுக்குள் போனார். "ஏன்யா, என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே! நாளைக்கு லாரி கம்பெனிக்காரன் அந்தப் பக்கத்து வீட்டு மனுஷனைக் கூண்டுல ஏத்தினா நம்ம கதை கந்தல்!"

கொத்தனார் துண்டால் தோளை மூடிக்கொண்டார். அவர் மனைவிதான் முன்னால் வந்தாள். "பூசினது நான்தாம்மா. பக்கத்து வீட்டுக்காரங்க வேலைக்குப் போனதும் பூசுவேன், இவர் உட்கார்ந்து சொல்லித் தருவார். பொண்டாட்டி உழைப்புல சாப்பிடறான்னு நாலு பேர் பேசக் கூடாதுன்னு, இவர் பூசினதாச் சொல்லிட்டோம்."

"நல்லாத்தான் ஜோடிக்கிறீங்க. வா, என் கண்ணு முன்னாடி பூசு."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கலவையை அள்ளிச் சுவரில் அறைந்தாள். மட்டப்பலகையை இழுத்துத் தேய்த்தாள். மேடு பள்ளம் இல்லாமல் படிந்தது. வக்கீலம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடேங்கப்பா! அப்போ இத்தனை நாளா மேஸ்திரி இவங்கதானா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

பின்னாலேயே வந்து நின்ற கொத்தனாரின் முகம் செத்துப்போனது. "லாரி இடிச்சப்போகூட இப்படி வலிக்கலம்மா," என்றார். "நாளைக்குக் கோர்ட்லயும், அத்தனை பேர் முன்னாடி, இதைச் சொல்லணுமா?"

அவர் முகத்தைப் பார்க்க வக்கீலம்மாவுக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்லணும்," என்றார். "லாரி கம்பெனிக்காரன் கேட்கறதுக்கு முன்னாடி, நீங்களே உங்க வாயால சொல்லணும்."