மைதானத்துக்கு வெளியே ஒரு மினிகாப்

மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுபவனின் முதுகு போவதற்கு ஓட்டம் காரணமில்லை, காத்திருப்புத்தான் காரணம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதை வாசிக்கும் சக சாரதிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு சின்ன மினிகாப் கந்தோரில் சேர்ந்தேன். அங்கே காத்திருந்த காத்திருப்புகளில் ஒன்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன் சீட்டுக்காரர்

கென் ஐம்பதைத் தாண்டியவர். பின்னால் ஏறவே மாட்டார். முன் சீட்டை முடிந்தமட்டும் தள்ளி, மடங்காத வலது காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். முதல்நாள் சிவப்பு லைட்டில் நின்றபோது பக்கத்து லொறிக்காரன் இவரைக் கண்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் தூக்கி, கும்பிடாத குறையாகக் கத்தினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் நடித்தவரோ என்று யோசித்து, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாங்கள் தமிழர்தான் ஆள் ஏறி உட்கார முன்னமே பூர்வீகம் விசாரிக்கிற ஆட்களாயிற்றே!

"பந்தை வலைக்குள்ள போடுறதுதான் வேலை. வேற ஒண்டும் பழகேல்லை."

இறங்காத சவாரி

எங்கள் பக்கத்துக் கால்பந்துக் கழகத்தின் பழைய சென்டர் ஃபோர்வர்ட் அவர். மாட்ச் உள்ள சனிக்கிழமைகளில் என்னைத்தான் கேட்பார். மைதான மதிலோரம் காரை நிறுத்தச் சொல்லுவார். ஆனால் இறங்கமாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, மதிலுக்கு அப்பால் எழும்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சனம் "ஊ" என்றால், "தலையால அடிச்சிருக்கிறான், மேலால போட்டுது" என்பார். சத்தம் சட்டென்று செத்தால், "எங்களுக்குக் கோல் விழுந்திட்டுது" என்பார். முழங்கால் உடைந்து அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்ததும் இதே மைதானத்திலிருந்துதான். அதற்குப் பிறகு உள்ளே கால் வைக்கவில்லை.

கந்தோரிலிருந்து சவாரிகளைப் பிரித்துக்கொடுக்கிற எங்கள் கன்ட்ரோலர் குகன் அண்ணைக்கு இது பிடிபடவேயில்லை. ஒருநாள் கார் ரேடியோ செட்டில் கூப்பிட்டு, ஆள் இறங்கிவிட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"தேர் பாக்க வந்த மனிசன் ஏன் தம்பி காருக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறார்?"

எனக்கு வந்த கோபம்

அது சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம். அம்மா அங்கே, நான் இங்கே. போக ஆசையிருந்தும் போக ஏலாத எனக்கு, பத்தடி தூரத்தில் திறந்து கிடக்கிற வாசலுக்குள் போகாத மனிதரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "உங்களுக்கு அவ்வளவு ஆசையெண்டால் உள்ள போங்கோவன். ஆர் மறிச்சது?" அவர் கோபிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"போகாதவரைக்கும் நான் இன்னும் உள்ள விளையாடிக்கொண்டிருக்கிறன், சிவா. போனால் வேற ஆரோதான் விளையாடுவாங்கள்."

ரெய்னர்ஸ் லேன் ரசிகர்

ஒருமுறை ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மலேசியத் தமிழரை ஏற்றினேன். கணக்காளர், கோட்டுச் சூட்டோடு பின் சீட்டில் கம்பீரமாக இருந்தார். பேச்சு பந்துக்குத் திரும்பி, கென்னின் பெயர் வந்ததும் மனிதர் துள்ளிவிட்டார். தன் ஊரான ஈப்போவில் சின்னப் பையனாக இருந்தபோது, கென் அடித்த கோல் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். கென் இந்தக் காரில் எங்கே உட்காருவார் என்று கேட்டார், காட்டினேன்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க அண்ணே, நான் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன்!"

கடைசிச் சனிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மைதானத்தை இடித்து வீடு கட்டப்போவதாக முடிவாகிவிட்டது. கடைசி மாட்சுக்கு கென் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுங்க வந்தார். காரை நிறுத்தியதும் தானாகவே கதவைத் திறந்து இறங்கினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, நொண்டிக்கொண்டே திரும்பி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது. விளையாட்டுக்காரர் வாசலில் இவரை யாருக்கும் தெரியவில்லை. பார்வையாளர் வாசலால் அவர் வாழ்நாளில் போனதில்லை. அது எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

காரை, நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டிலேயே விட்டுவிட்டு அவரின் கையைப் பிடித்தேன். சனத்தோடு சனமாக உள்ளே போய், கம்பிக்குப் பின்னால் நின்றோம். ஒரு பொடியன் கோல் அடித்தான். முழு மைதானமும் குமுறியது, காலடிச் சீமெந்தே அதிர்ந்தது. நானும் என்னை மறந்து கத்தினேன். திரும்பிப் பார்த்தால் கென் அசையாமல் நிற்கிறார், கண்ணால் நீர் ஓடுகிறது. கால் நோகுதோ என்று கேட்டேன்.

"இவ்வளவு சத்தமே? நான் கோல் அடிக்கேக்க எனக்கு இது ஒருநாளும் கேட்டதில்லை, சிவா."

இருபது வருடம் லண்டன் முழுக்க எல்லாரையும் அவரவர் வாசலில் கொண்டுபோய் இறக்கிய எனக்கு, ஊரிலுள்ள என்னுடைய வாசலுக்குப் போகத்தான் இன்னும் ஒரு மினிகாப் அகப்படவில்லை.