மூன்றாம் மாடியைக் கொடுத்து ஈரம் வாங்கியவர்கள்

கிளெண்டா ஹார்ஸ்ஃபால் அம்மையார் பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க உருளைக்கிழங்கு மசித்துவிட்டு, மாலையில் லாபர்னம் ஹவுஸ் வாசலில் வந்து நிற்பார். உள்ளே நுழையுமுன் மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார், காலையில் போனதற்கு இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று. குறைந்திருக்காது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நகரசபை இதைக் கட்டிய காலத்தில் ஏழைகளுக்கு வயதாவதில்லை என்று யாரோ பொறியாளர் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கிளெண்டாவின் குடியிருப்பு மூன்றாம் மாடியில். அடுத்த கதவு என்னுடையது. அவர் கணவர் ட்ரெவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை இப்போது இறக்க வழியில்லை. நுரையீரலில் பாதியைச் சிகரெட்டும் மீதியை டீசல் புகையும் பங்கு போட்டுக்கொண்டு, அவருக்கென்று ஏதோ கொசுறு விட்டுவைத்திருந்தன. இறங்குவது கூடப் பரவாயில்லை; ஏறுவதுதான் ஆகாது. கடைசியாக வெளியே போய்த் திரும்பிய அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து மேலே கொண்டுவந்து சேர்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குத் தொடங்கியவர் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். அதோடு அவர் உலகம் சன்னலோரம் முடிந்துபோயிற்று. அங்கிருந்து கீழே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து, "பாரு அவனை, கெழவி ஓடி வருது, கதவைச் சாத்தறான்!" என்று திட்டிக்கொண்டிருப்பார். திட்டுவதற்கும் மூச்சு வேண்டியிருந்ததால் நாளடைவில் அதையும் குறைத்துக்கொண்டார்.

ட்ரெவரைத் தரைத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிளெண்டாவுக்கு வேறு லட்சியம் எதுவும் அந்த வருடம் இருக்கவில்லை.

வீட்டுவசதி அலுவலகத்தில் கைல் என்றொரு பையன் இருந்தான். நல்ல பையன். அரசாங்கம் நல்ல பையன்களைத்தான் முகப்பில் உட்காரவைக்கிறது.

"கீழ் வீட்டுக்குக் காத்திருக்கற வரிசையில உங்க வீட்டுக்காரர் 'பி' பிரிவுல இருக்காரு, கிளெண்டா. 'ஏ'க்கு வரணும்னா வீட்டுல விழுந்திருக்கணும்."

"விழலையே."

"அதாங்க பிரச்சினை."

"விழச் சொல்லவா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லக் கூடாதுங்க." கைல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விழுந்தா மட்டும் உடனே ஃபோன் பண்ணுங்க. இல்லேன்னா நீங்களே யார்கூடயாவது வீட்டை மாத்திக்கலாமே?"

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைத்தால் தகும். நகரசபை வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒருவர், அதேபோல் இருக்கும் இன்னொருவரோடு வீட்டை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கத்து அலுவலகமும் சம்மதித்தால் போதும். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டியதில்லை. என் கஷ்டத்தில் நீ இரு, உன் கஷ்டத்தில் நான் இருக்கிறேன் என்று குடிமக்களே பேசி முடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எதைக் கண்டு ஓடுகிறாரோ அது அடுத்தவருக்குப் பெரிதாகப் படக் கூடாது. சாஸ்திரம் முழுவதும் அவ்வளவுதான்.

இதற்கென்று இணையதளம் உண்டு. அதில் எழுதும் மொழியை எங்கள் ஜனங்கள் கரைத்துக் குடித்தவர்கள். 'அமைதியான சூழல்' என்றால் பஸ் வராது. 'கலகலப்பான அக்கம்பக்கம்' என்றால் போலீஸ் வரும். 'பராமரிக்கச் சுலபமான தோட்டம்' என்றால் சிமெண்ட் தரை. கிளெண்டா தன் வீட்டைப் பற்றி 'நல்ல வெளிச்சம், நல்ல காற்று' என்று எழுதினார்.

"நல்ல காத்தா?" என்றார் ட்ரெவர். "எனக்குக் கொஞ்சம் காட்டேன், பார்க்கலாம்."

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் இரண்டாம் மாடியிலிருந்தே, "லிஃப்ட் எங்க?" என்று கத்திக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். ஒரு தம்பதி சன்னல்களை அளந்தார்கள், அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள், பிஸ்கட்டை முடித்தார்கள். "நாங்க மாறப்போறதில்ல கண்ணு. நம்ம வீடு எவ்வளவோ தேவலன்னு தெரிஞ்சுக்கத்தான் ஞாயித்துக்கிழமை இப்படி ரெண்டு வீடு பார்ப்போம்" என்று அந்த அம்மாள் கிளெண்டாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பார்வையாளர் வரும்போதெல்லாம் ட்ரெவரை என் வீட்டுக்கு மாற்றிவிடுவது வழக்கமாகியது. நோயாளி இருக்கும் வீட்டைப் பார்க்கிறவர்கள், வீடுதான் அவரை நோயாளியாக்கியது என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே ட்ரெவரும் அவருடைய ஆக்சிஜன் சிலிண்டரும் என் சோபாவில் அமர, நாங்கள் இருவரும் அங்கே நடப்பதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் சுவர்கள் மறைப்பது பார்வையை மட்டும்தான்.

அப்படித்தான் டோரீன் கிளெக் வந்தார். ஐம்பது வயது, தனி ஆள், தபால் பட்டுவாடா செய்கிறவர். மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறி வந்தார் என்பதைச் செருப்புச் சத்தத்திலேயே ட்ரெவர் கண்டுபிடித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"நீங்க ஏன் மேல வரணும்னு பார்க்கறீங்க?" சுவருக்கு அந்தப் பக்கம் கிளெண்டா கேட்டார்.

"என் வீடு தரைத்தளம், மெயின் கதவுக்குப் பக்கத்துலயே. மேல இருக்கறவங்களுக்கு எவன் பார்சல் கொண்டாந்தாலும் என் பெல்லைத்தான் அழுத்தறான். நாள் பூரா ஊருக்குக் கடிதம் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா, அங்க நான்தான் போஸ்ட் ஆபீஸ். சன்னல்ல யார் காலையும் பார்க்காம, யார் பெல்லும் கேட்காம ஒரு நாள் தூங்கணும் கண்ணு."

அந்த நேரம் பார்த்து ட்ரெவருக்கு இருமல் வந்தது. நான் சோபாத் திண்டு ஒன்றை நீட்டினேன். முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். பயனில்லை.

"அது யாரு?" என்றார் டோரீன்.

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றார் கிளெண்டா கொஞ்சமும் தயங்காமல். "சிகரெட்டு. எவ்வளவு சொன்னாலும் கேட்கறதில்ல."

நான் பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டதில்லை. ட்ரெவர் திண்டிலிருந்து முகத்தை எடுத்து என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளெண்டா பஸ் ஏறிப் போய் டோரீன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். நான் ட்ரெவருக்குத் துணையாக இருந்தேன். வந்ததும் கிளெண்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசல்ல படியே இல்ல. கதவைத் தள்ளினா தெரு. முன்னாடி கொஞ்சம் கல்லு பாவின இடம், ஒரு நாற்காலி போடலாம். எதிர்த்தாப்ல பஸ் திரும்பற இடம். மூணு பஸ் வரிசையா நிக்குது."

"மூணா?" ட்ரெவர் நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பெயிண்ட் வாசனை அடிக்குது, ட்ரெவர்."

எங்கள் ஊரில் அழகுக்காக யாரும் வெள்ளை அடிப்பதில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வரும் வாரத்தில் ஒரு சுவர் மட்டும் புதுசாக மினுங்கினால், அதற்கடியில் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். ஈரச்சுவர் உங்களுக்கு விஷம் என்று மருத்துவர் ட்ரெவரிடம் எழுத்தில் கொடுக்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

"எந்த ரூம்?"

"பின் ரூம். ஹால்லயும் ஒரு மூலை. கூடவே கேக்கு வேற சுட்டு வச்சிருந்தா, வாசனை தெரியக் கூடாதுன்னு. பாவம், நல்ல கேக்கு."

ட்ரெவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ஆக, இங்க இருந்தா என்னால வெளிய போக முடியாது. அங்க போனா உள்ள இருக்க முடியாது. அவ்வளவுதானே?"

"சிரிக்காத."

"சிரிக்க எனக்கு மூச்சு ஏதுடி? சரி, அப்ப வெளியவே இருந்துக்கறேன்."

"நவம்பர்லயா?"

"கோட்டு எதுக்கு இருக்கு?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நானே கூட்டிட்டுப் போய்க் கொன்ன மாதிரி ஆயிடும்."

"இங்க செத்தா என்னை இறக்க நாலு பேர் வேணும் கிளெண்டா. அங்க ரெண்டு பேர் போதும். உனக்கு மிச்சம்."

கிளெண்டா எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது, "நாளைக்கு அவளுக்கு ஃபோன் பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அலுவலகங்கள் பதில் சொல்லச் சட்டம் ஆறு வாரம் கொடுத்திருக்கிறது. ஆறாவது வாரம் வரை அவை சட்டத்தை மதித்தன. பிறகு, வீட்டைப் பார்த்தபடியே ஏற்கிறேன், பின்னால் குறை சொல்ல மாட்டேன் என்று இருதரப்பும் கையெழுத்திட்டன. உண்மையே பேசாமல் இவ்வளவு நேர்மையாக நடக்கும் ஒப்பந்தம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

மாறும் நாள் மழை. ட்ரெவரை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கிளெண்டாவும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தபோது, கீழேயிருந்து டோரீன் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாற்றிக்கொள்ளும் இருவரும் ஒரே படியில் எதிரெதிரே போவது இந்தச் சடங்கின் தவிர்க்க முடியாத பகுதி.

டோரீன் சிலிண்டரைப் பார்த்தார், மூக்கிலிருந்த குழாயைப் பார்த்தார். "நீங்க?"

"கிளெண்டாவோட வீட்டுக்காரன்."

"இருமுறது பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னாங்களே."

"அவருக்கும் சேர்த்து நான்தான் இருமிக்கிட்டிருந்தேன்."

டோரீன் சிரிக்கவில்லை. விளக்கைப் படியில் வைத்தார். கிளெண்டாவைப் பார்க்காமல், "பின் ரூம்ல... அவரைப் படுக்க வைக்காதீங்க" என்றார்.

"தெரியும்மா," என்றார் கிளெண்டா.

"நாலு தடவை பெயிண்ட் அடிச்சேன். நாலு தடவையும் மேல வந்துடுச்சு. தெரிஞ்சிருந்தா நான்..."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப கண்ணு?" ட்ரெவர் அவர் கையைத் தட்டினார். "நீயும் எத்தனை வருஷம்தான் பார்சல் வாங்குவ. மேல போ. ராத்திரியில வெந்நீர்க் குழாயை மட்டும் நம்பாத, அதை உங்கிட்ட நாங்க சொல்லல."

டோரீன் விளக்கை எடுத்துக்கொண்டு ஏறினார். அவர் இம்முறை மூச்சு வாங்கியது எனக்கே கேட்டது.

சுவர் நவம்பர்வரை மரியாதை காத்தது. அதற்குப் பிறகு மூலையிலிருந்து கறுப்பு கிளம்பியது. கிளெண்டா புகார் செய்ய, ஈரம் அளக்கும் கருவியோடு அதிகாரி வந்தார். கருவியைச் சுவரில் வைத்தார், அது கத்தியது. பெட்டியில் போட்டு மூடினார்.

"இது கட்டடத்துக் குறை இல்லீங்க. குடியிருக்கறவங்களால வர்ற ஈரம். சமைக்கறது, துணி காயவைக்கறது, வீட்டுக்குள்ள மூச்சு விடறது."

"ஐயா," என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த ட்ரெவர், குழாயைச் சரிசெய்துகொண்டே. "இந்த ஊர்லயே கம்மியா மூச்சு விடறவன் நான்தான். வேணும்னா ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். ட்ரெவர் வாசலில் கோட்டு, தொப்பி, இரண்டு போர்வை சகிதம் உட்கார்ந்திருந்தார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. திரும்பும் பஸ்களின் ஓட்டுநர்கள் அவரைப் பார்த்து ஒலி எழுப்ப, அவர் அவர்கள் திருப்பிய லட்சணத்தைக் கையசைவாலேயே திட்டினார். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், குளிர்காற்று ஆகாது, இவர் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று கண்டித்துவிட்டுப் போயிருந்தாராம். "எந்த உள்ளே?" என்று கிளெண்டா கேட்டதற்கு அந்த அம்மாளும் பின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு போர்வை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கிளெண்டா உள்ளே வாளியும் ப்ளீச்சுமாகச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. கதவு திறந்தே கிடந்தது.

"கிளெண்டா!" என்றார் ட்ரெவர். "கதவைச் சாத்து. ஈரம் வெளிய வருது."

கிளெண்டா துணியை வாளியில் போட்டார். கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார், கதவை இழுத்துச் சாத்தினார், வெளிப்பக்கமாக நின்றுகொண்டு. நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.