வலிக்காத கட்டைவிரல்

ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் அக்காவின் கணவர் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைக் கட்டைவிரலால் ஓங்கி அடித்தார். அதுவரை இரண்டு விரல்களால் மெல்லச் சுண்டித்தான் வாசிப்பார். அன்று அந்த ஒலி ‘டப்’பென்று நெஞ்சில் வந்து மோதியது. பாடிக்கொண்டிருந்த நான் வரியை மறந்து நின்றேன்.

“இன்னா மாமா இது, யாரோ கதவை இடிக்கிற மாதிரி கீது?”

“புது ஸ்டைலும்மா. கப்பல்ல வந்த தோஸ்து ஒருத்தன் டேப்பு குட்த்தான். அமெரிக்காவுல இப்டித்தான் அடிக்கிறானுங்க.”

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாமா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். வேலை முடிந்ததும் நாங்கள் நால்வர் சேர்ந்து கல்யாண வரவேற்புகளில் கச்சேரி செய்வோம். அந்தப் புது அடி மாமாவைப் பிடித்து ஆட்டியது. சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கட்டைவிரலின் எலும்பு தந்தியில் பட்டவுடன் துள்ளி விலக வேண்டும். ஒட்டிக்கொண்டால் ஒலி செத்துவிடும். அடுத்து, ஆள்காட்டி விரலை மெல்லிய தந்திக்கு அடியில் கொக்கிபோல் மாட்டி இழுத்துவிட்டால் சாட்டை சொடுக்கும். “அட்ச்சிட்டு ஓடிப்புடணும்மா, நின்னா மாட்டிக்குவோம்” என்று சிரிப்பார். எங்கள் கிட்டார்காரரும் முயன்று பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே விரலை வாயில் வைத்துக்கொண்டு விலகிவிட்டார். மாமா மட்டும் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய பொறுமையை எல்லோரும் மெச்சினோம்.

ஒருநாள் ஒத்திகைக்கு நடுவே பீடியோடு பேசிக்கொண்டிருந்தார். பொசுங்கும் வாடை வந்தது. பீடி முழுதும் எரிந்து, நெருப்பு அவர் விரலிடுக்கில் இருந்தது. தோல் கருகிக்கொண்டிருக்க, அவர் தாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான்தான் பீடியைத் தட்டிவிட்டேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

“எனக்குத் தெரியும்டீ. கொதிக்கிற குண்டானை வெறுங்கையால எறக்குறாரு. முழங்கையாண்ட வெளுப்பா ஒரு திட்டு கீது, கிள்ளுனா கூடத் தெரியல. வாயத் தொறக்காத. வெளிய தெரிஞ்சா வூட்டு ஓனரு சாமானைத் தெருவுல போட்ருவான்.”

அந்த நோயின் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்து வந்த கல்யாணத்தில் மாமாவின் அடிக்கு விசில் பறந்தது. கூட்டம் கேட்கக் கேட்க அவர் கை வேகமெடுத்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கிட்டாரின் மேல் சிவப்பாகக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மாமா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை, அக்கா தடுத்தும் கேளாமல், அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் அவர் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, “கண்ணை மூடிக்குங்க. தொடும்போது சொல்லுங்க” என்றார். முதலில் பஞ்சு. பிறகு ஊசி. ஊசி முனை கட்டைவிரலில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா மூடிய கண்களோடு, மரியாதையாகக் கேட்டார்: “எப்ப சார் ஆரம்பிப்பீங்க?”

தொழுநோய்தான். நரம்பு மரத்ததால் மெல்லச் சுண்டும்போது தந்தி விரலுக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஓங்கி அடிக்கும் அந்தப் பாணி கைக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். மாமா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்போ அந்த அமெரிக்காக்காரனுங்களுக்கு வலிக்குமா சார்?” என்றார்.

பல வருடங்கள் மாத்திரை சாப்பிட்டார். நோய் நின்றது. ஆனால் காயம் எலும்புவரை போயிருந்ததால் கட்டைவிரல் பாதியாகிவிட்டது. அக்கா பயந்தபடியே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊரின் வடகோடியில் இருக்கும் சடையங்குப்பத்துக்குக் குடிபோனார்கள். ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். அங்கேயே வயதாகி, நல்ல சாவாகத்தான் போனார் மாமா. கிட்டாரை மறுபடி அவர் தொடவில்லை.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். மேடையில் ஒரு இளைஞன் அதே அடியை அடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் ஆடியது. எனக்குச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகக் கால் வரவில்லை. அவன் இறங்கி வந்ததும் போய் அவன் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன்.

“ஆ! இன்னா பாட்டிமா, கொப்புளம் கீது, வலிக்குது!” என்று கையை உதறினான்.

“வலிக்கட்டும் நைனா,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.