பல்ப்பர் கொட்டகையில் ஒரு குரூப் போட்டோ

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். பொங்கல் முடிந்த வாரம். மற்றவர்கள் ஏரியும் படகும் பார்க்கப் போனார்கள். நான் ஒரு சிறுவர் இசைக்குழுவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் நடந்த ஒரு பள்ளி இசைப் போட்டிக்கு நான் நடுவர். கல்லூரி ஆசிரியன் என்பதால் அழைத்திருந்தார்கள், சங்கீதம் அரைகுறை. ஏற்காட்டு மலைக் கிராமமான வாழவந்தியின் குழந்தைகள் மேடையேறி, வயலினைத் தோளில் ஏற்றி, கார்னெட் ஊதுகுழலை உதட்டில் பொருத்தி, அப்படியே இருந்தார்கள். வாசிக்கவில்லை. நான் மைக்கை இழுத்து, “இது இசைக்குழு இல்லை, குரூப் போட்டோ” என்றேன். அரங்கமே சிரித்தது. அவர்கள் அழுதுகொண்டே இறங்கினார்கள். இதைப் பல வருடம் நகைச்சுவையாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்த அழுகை வயதான பிறகுதான் உறைத்தது.

மன்னிப்புக்குச் சில வாக்கியங்கள் தயாரித்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வந்து பாதி மறந்துவிட்டது.

ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்கு ஷேர் ஜீப். ஓட்டுநர் ஜோசப் முன்சீட்டில் இடம் தந்தார்.

“ஏனுங்க, பசங்க வாசிக்கிறதக் கேக்கவா? நான் மொத செட்டுங்க. கார்னெட்டு.”

காபிப் பழம் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் கொட்டகையில்தான் பழகினார்களாம். மழைக்கு ஒழுகாத கூரை அது ஒன்றுதான்.

“பல்ப்பர் டக்கு டக்குன்னு அடிக்குமுங்க. அதைக் கேட்டுத்தான் பாட்டை எடுப்போம். சேலத்துலயும் காத்துக்கிட்டே இருந்தோம். டக்கு வரவே இல்ல! ஒரு ஜட்ஜு எங்களைப் போட்டோன்னுட்டான். ஆளு சிக்குனா பல்ப்பர்ல உட்டு உரிச்சிருவேனுங்க.”

நான் வெளியே சில்வர் ஓக் மரங்களை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் குழு வளர்ந்ததாம். ரோஷத்தில் பக்கத்து ஊர்களான மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். கான்வென்ட்டில் கழித்த வயலின்கள் வந்தன. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒரு டிரம் கொடுத்தார். இப்போது கொட்டகை போதாமல் பாதிப் பேர் வாசலில்.

ஜோசப் என்னைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். அன்று மேடையில் வயலினோடு இருந்த ஸ்டெல்லாதான் இப்போது ஆசிரியை. குழந்தைகள் முன்னால் அவரிடம் சொன்னேன்: “அந்த ஜட்ஜ் நான்தான். தப்புப் பண்ணிவிட்டேன்.”

“தெரியுமுங்க. மூக்கு மாறவே இல்லீங்களே.”

பின்னால் ஜோசப் சிரிப்பை மறைக்கத் தும்முவதுபோல் நடித்தார்.

ஓடிக்கொண்டிருந்த பல்ப்பரின் தாளத்துக்குப் பிள்ளைகள் வயலின் வில்லை உயர்த்தினார்கள். அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. பல்ப்பர் நின்றது. வில்கள் உயர்ந்தபடி நின்றன. சேலம் மேடையில் பார்த்த அதே காட்சி. ஸ்டெல்லா ஒரு தகர டின்னையும் குச்சியையும் நீட்டினார்.

“மெஷினை நம்பறதில்லீங்க இப்ப. அது நின்னா, வந்த விருந்தாளிதான் தட்டோணும். தட்டுங்க.”

தட்டினேன். தட்டத் தட்ட வேகம் எகிறியது. பல்ப்பருக்குப் பழகிய பிள்ளைகள் கேள்வி கேட்காமல் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அணிவகுப்பு இசை நாய் துரத்திய கதையாக முடிந்தது. டிரம் அடித்த சிறுமி மூச்சு வாங்கினாள்.

“தாத்தா, பல்ப்பரே தேவலாமுங்க!”

“நொம்ப தேவலாம் கண்ணு,” என்றார் ஜோசப்.

கொட்டகை சிரித்தது. இந்தமுறை சிரிப்பு என்மேல்.

புறப்படும்போது ஸ்டெல்லா கேமராவை ஜோசப்பிடம் கொடுத்தார். “நடுவுல உக்காருங்கய்யா. இதுதானுங்க குரூப் போட்டோ.”

அந்தப் படம் சேலத்தில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் அசையாமல் இருக்கிறார்கள். குச்சி பிடித்த என் கை மட்டும், இன்னும் தட்டிக்கொண்டிருந்ததால், கலங்கித் தெரிகிறது.