பால் இல்லாத பார்சல்

பிள்ளைக்கு வயிறு சரியில்லை. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டு. மாலைச் செய்தியில் ஒவ்வொரு நாளும் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் ஒரு சோற்றுப் பார்சலுக்காக நான் எப்படி அவ்வளவு சந்தோஷப்பட்டேன்? சந்தோஷப்பட்டது மட்டும் உண்மை. பன்னிரண்டரை மணிக்கு ஒழுங்கையில் ஓட்டோவின் ஹோர்ன் கேட்டால், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடுவேன்.

மகளுக்கு அப்போது மூன்று மாதம். அவளுடைய மலத்தில் சளியும், நூல் போல இரத்தமும் இருந்தன. கண்டியில் நாங்கள் காட்டிய வைத்தியர், நான் குடிக்கும் பசுப்பால் தாய்ப்பால் வழியாக அவளுக்குப் போய் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறது என்றார். பாலையும் பாலில் செய்த எதையும் நான் தொடக்கூடாது. முட்டையும் மீனும்கூட வேண்டாம். ஒரு மாதத்தில் குணமில்லை என்றால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு விசேஷமான குழந்தை மாவுக்கு மாறவேண்டும் என்றார். அந்த மாவு கொழும்பிலிருந்து வரவேண்டும். எங்காவது ஒரு குண்டு வெடித்து வீதியை மூடினால் என் பிள்ளை எதைக் குடிக்கும்? அந்த நிமிடத்திலிருந்து நான் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் எனக்குப் பரீட்சையாகிவிட்டது.

கணவருக்குக் கொழும்பில் வேலை. வெள்ளிக்கிழமைதான் வருவார். அம்மாவால் யாழ்ப்பாணத்தை விட்டு வர முடியவில்லை. மகளைக் கிடத்தினால் அலறுவாள். ஒரு கையில் பிள்ளையோடு மறுகையால் தேங்காய் துருவ முடியாது என்பது இரண்டு நாளில் விளங்கிவிட்டது. பாணுக்குள் பால்மா போடுவார்களா என்று பேக்கரியில் கேட்க வெட்கப்பட்டு, வாழைப்பழத்திலேயே நாளை ஓட்டினேன். பால் வற்றுகிறதோ என்று அடிக்கடி மார்பை அமுக்கிப் பார்த்தேன்.

அப்போதுதான் பேப்பருக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் விழுந்தது. சைவச் சாப்பாடு, டவுனுக்குள் எங்கேயும் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும். இரண்டு தரம் வாசித்தேன். முகம் தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் விலாசம் சொல்வது அந்த நாட்களில் சின்ன விஷயம் அல்ல. வெளியூர்த் தமிழர் என்று பொலிஸில் பதிந்த துண்டு அலுமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இலக்கத்தை அழுத்தினேன்.

"வணக்கம், சொல்லுங்கம்மா." பெண் குரல், தேயிலைத் தோட்டப்பக்கப் பேச்சு. அவர்தான் கடைக்காரரின் மனைவி, சமையலும் அவர்தான்.

"மத்தியானச் சாப்பாடு ஒண்டு வேணும். மாசிக் கருவாடு போடக்கூடாது."

"நம்ம கடையில மாசி வாடையே வராதுங்க."

"முட்டை, நெய், தயிர் ஒண்டும் வேண்டாம். பாலும் கூடாது. டொக்டர் சொன்னவர்."

"பால் இல்லாம. எழுதிக்கிட்டேங்க. கவலப்படாதீங்க, நெறையப் பேருக்கு அப்படித்தான் அனுப்புறோம்."

நிறையப் பேருக்கு! கண்டியில் என்னைப் போல எத்தனை தாய்மார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே கணவருக்கும் சொன்னேன். அவர், "வடிவா விளங்கப்படுத்தினனீரே?" என்று கேட்டார். "என்னை என்ன பள்ளிக்கூடப் பிள்ளை எண்டே நினைக்கிறீங்கள்?" என்று சண்டை பிடித்தேன்.

மறுநாள் பார்சல் வந்தது. மஞ்சள் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் ஆவி முகத்தில் அடித்தது. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய், கீரைச் சுண்டல், அப்பளம், பருப்பு, வெள்ளை வெளேரென்று உருளைக்கிழங்குக் கறி. நின்றபடியே சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலைக் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள், என்ன நல்ல மனம் என்று நினைத்தேன்.

ஓட்டோவில் கொண்டுவருபவர் அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் பெரியவர், நானா என்று கூப்பிடுவேன். நரைத்த தாடி, எப்போதும் பேச்சு. "சந்தியில ஆமிக்காரன் பார்சலத் தொறக்கச் சொன்ன தங்கச்சி. தொறந்தா மணத்துல அவனுக்கே பசி வந்தீக்கி," என்பார். அவரோடு பேசும் இரண்டு நிமிடம்தான் பல நாட்களில் நான் பெரியவர்களோடு பேசும் நேரம்.

மூன்று வாரம் இப்படிப் போனது. எனக்கு உடம்பு தேறியது. மகளுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு நப்பித் துணியையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். அப்பளமா? தேயிலையா? என் கையில் பூசும் கிறீமா? எல்லாவற்றையும் சந்தேகித்தேன், பார்சலைத் தவிர. வைத்தியர் தந்த மாதத்தில் ஐந்து நாள்தான் மிச்சம்.

அன்று நானா பார்சலை நீட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கேக்கிறேன்னு கோவிக்க வாணாம் தங்கச்சி. இந்த வயசிலயே கொலஸ்ட்ரோல் ஈக்கா?"

"எனக்கோ? இல்லையே!"

"அப்ப என்னத்துக்கு மஞ்ச ரப்பர் போட்ட பார்சல்? அது கொலஸ்ட்ரோல்காரங்கட. எல்லாம் பென்ஷன் எடுத்த ஆக்கள். நீங்க மட்டுந்தான் சின்னப் புள்ள."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளைக் கிழங்குக் கறி நினைவுக்கு வந்தது. அவர் போவதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

"அக்கா, கிழங்குக் கறி வெள்ளையா இருக்கே, அதுக்குள்ளை என்ன விடுறனீங்கள்?"

"பால்மாங்க. கொழுப்பில்லாதது. நீங்கதான் பால் கூடாதுன்னீங்களே, அதான் தேங்காப்பாலுக்குப் பதிலா பால்மா கரைச்சு ஊத்துறோம்."

எங்கள் சமையலறைகளில் பால் விட்ட கறி என்றால் தேங்காய்ப்பால் விட்ட கறிதான். நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தவள். இருந்தும், பால் என்று சொன்னபோது என் மனதில் மாடு மட்டுமே நின்றது. அவர் மனதில் தேங்காய். மூன்று வாரம் நான் ஒவ்வொரு மத்தியானமும் ஆசையோடு பசுப்பால் சாப்பிட்டிருக்கிறேன்.

"எனக்குத் தேங்காய்ப்பால் கூடும். மாட்டுப்பால்தான் கூடாது. நான் தாய்ப்பால் குடுக்கிறனான்."

"இப்படி மூணு பாலயும் பிரிச்சுச் சொல்லியிருந்தா நான் ஏங்க மாத்தி ஊத்தப்போறேன்!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பச்சப்புள்ளைக்காகவா அம்மா? அய்யோ. ஒரு வார்த்தை கேக்காம விட்டேனே."

கோபம் வரவில்லை. யார் மேல் கோபிப்பது? அடுத்த நாளிலிருந்து எனக்கென்று தனிச் சட்டி வைத்தார். பார்சலை ரப்பர் பேண்ட் போடாமல் சிவப்பு நூலால் கட்டி அனுப்பினார். வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லி இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தந்தார்.

பத்தாம் நாள் காலை நப்பியை விரித்தேன். ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். மின்குமிழுக்குக் கீழும் பார்த்தேன். பிறகு கணவர் வேலை செய்யும் கந்தோருக்கே அழைத்தேன்.

"இஞ்சருங்கோ, மஞ்சள்! வெறும் மஞ்சள்!"

"மெல்லக் கதையும். பக்கத்திலை ஆக்கள் நிக்கினம்." பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "ஒரு கோடும் இல்லையே? திரும்ப ஒருக்காப் பாரும்," என்றார்.

திரும்பப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஆடினேன். அன்று டவுனில் ஏதோ பதற்றம் என்று கடைகள் பூட்டியிருந்தன. ஆனாலும் மூன்று மணிக்கு ஹோர்ன் கேட்டது. நானாவிடமும் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்! கடையில சொல்லவா?" என்று கேட்டு, என் பதிலுக்கு நிற்காமலே வண்டியைத் திருப்பினார்.

இப்போது மகளுக்குப் பதினொரு மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வயது முடிந்ததும் முதலில் நான் என் சாப்பாட்டில் கொஞ்சம் பசுப்பால் சேர்த்து, சில நாள் அவளைக் கவனித்துப் பார்க்கவேண்டும் என்கிறார் வைத்தியர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குள் சரியாகிவிடுமாம். ஒரு கரண்டி தயிர், அவ்வளவுதான். போன கிழமை ஒரு முட்டித் தயிர் வாங்கினேன். மூடியிருந்த கடதாசியைப் பிரிக்காமலே அதை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதே பாதையில் வந்த தாய்மார் யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் எதில் தொடங்கினீர்கள், தயிரிலா, பால் கலந்து சுட்ட பிஸ்கட்டிலா? கணவர் வீட்டில் நிற்கும் சனிக்கிழமை வரை பொறுத்திருப்பது நல்லதா? நாடு அமைதியாகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வீதி திறந்திருக்கட்டும் என்று காத்திருப்பது புத்தியா, வெறும் பயமா? முதல் கரண்டியை எப்படி வாயில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.