மில் தெருவும் வாய்க்கால் கோடும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்னப் பேரூராட்சி. அங்கே சாதியா மில் வைத்து மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கிறாள்; மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரல் தடித்தவள். சும்மா நலம் விசாரித்தாலும் சண்டைக்கு நிற்பது போலத்தான் இருக்கும்.

வார்டுகளைத் திருத்திய வரைபடத்தை அலுவலகச் சுவரில் ஒட்டிய அன்று, மில்லைக் கணவர் இப்ராஹிமிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். ஒரே வார்டாக இருந்த அவர்கள் தெருக்களை மூன்றாக வெட்டி, மூன்று பெரிய வார்டுகளின் ஓரத்தில் சேர்த்திருந்தார்கள். மில் தெரு வாய்க்காலுக்கு அந்தப்புறத்து வார்டில் போய்ச் சேர்ந்திருந்தது. தங்களில் ஒருவரைக் கவுன்சிலராக்கி, குழாயும் சாக்கடையும் சண்டை போட்டு வாங்கிய ஜனம். இனி எந்த வார்டிலும் அவர்கள் ஓட்டு கரை சேராது.

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்; மக்கள்தொகையைச் சமன் செய்ததைத் தவிர வேறொன்றுமில்லை என்றார். இறுதி அறிவிப்பில் ஒரு கோடுகூட நகரவில்லை.

மில் தெரு போய்ச் சேர்ந்த வார்டில் தம்பியை நிறுத்தப்போகும் ஊர்ப் பெரும்புள்ளி ஈஸ்வரபாண்டி ஒருநாள் மில்லுக்கு வந்து, லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வருகிறதே என்று இப்ராஹிமிடம் தன்மையாக நினைவூட்டிவிட்டுப் போனார். இந்த எல்லை விவகாரமே வேண்டாம், விட்டுவிடுவோம் என்றார் இப்ராஹிம். சாதியாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. அந்த மில்தான் வீட்டுக்குச் சோறு.

"லைசென்ச புடுங்குனா வேற பொழப்பு பாத்துக்கலாங்க. ஓட்டப் புடுங்கிட்டாக. அத எங்கன போய் வாங்குறது?" என்றாள்.

மறுநாளே அந்த வார்டில் வேட்புமனு போட்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப்புறம் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் அதிகம். அவர்களில் ஒருத்தியான ஞானபாக்கியமும் மனு போட்டிருந்தாள். வாசலில் வந்து நின்ற சாதியாவிடம் அவள் நேராகவே கேட்டாள்: "எங்க தெருவுல பாதியப் பஜார் வார்டுல தள்ளிட்டு, அந்த எடத்துல ஒங்களக் கொண்டாந்து வச்சிருக்காக. எங்ககிட்டயே ஓட்டுக் கேக்க வந்திருக்கீகளேக்கா, நல்லாருக்கா?"

வெட்டுப்பட்டது தன் தெரு மட்டும்தான் என்று சாதியா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆதாயம் அடைந்தது எதிர்க்கரைதான் என்று இரு கரையிலும் யாரோ சொல்லிவைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் நின்றால் ஈஸ்வரபாண்டியின் தம்பி நடுவில் புகுந்து போய்விடுவான் என்பதும் தெரிந்தது. ஞானபாக்கியத்தின் கரையில்தான் ஓட்டு அதிகம்.

திரும்பப் பெறும் கடைசி நாளில் சாதியா தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டாள். ஆசைப்பட்ட பதவிதான்; ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

மில் தெரு கொதித்தது. நம் இடத்தைக் கேட்கப் போனவள் தாரை வார்த்துவிட்டு வந்துவிட்டாள் என்றார்கள். சொந்தக்காரர்களே மிளகாயை வேறு மில்லுக்குக் கொண்டுபோனார்கள். அவள் தெருவில் நின்று சொன்னாள்: "நம்ம ஆளு, அவுக ஆளுன்னு நாம பாக்கணும்னுதான் இந்தக் கோட்டப் போட்டிருக்காக. நான் பாக்க மாட்டேன்."

ஞானபாக்கியத்தை வீடு வீடாகக் கூட்டிப்போனாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். வேண்டாம் என்ற இப்ராஹிம், மில்லைப் பூட்டிவிட்டு நோட்டீஸ் கட்டோடு பின்னால் வந்தார்.

ஞானபாக்கியம் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தாள். மில் தெருக்காரர்களைப் பிரித்துப் போட்ட மற்ற இரண்டு வார்டுகளும் கைவிட்டுப் போயின. எல்லையைத் திருத்தக் கேட்டு அவள் கொண்டுவந்த தீர்மானத்தை மன்றத்தில் தோற்கடித்தார்கள். மில்லின் லைசென்ஸ் இன்னும் வரவில்லை. மெஷின் சத்தத்துக்கு நோட்டீஸ்தான் வந்தது.

இரு கரைக்காரர்களும் சேர்ந்து மதுரையில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். போன வாய்தாவிலும் தள்ளிவைத்தார்கள். அடுத்த தேர்தலுக்குத்தான் இன்னும் காலம் இருக்கிறதே என்று வக்கீல் ஆறுதல் சொன்னார்.

"இத வச்சேதான் அடுத்த மேப்பயும் வரைவாக சார், அதுக்குள்ள இதக் கிழிக்கணும்," என்றாள் சாதியா. நீதிமன்ற வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.